கிராணியம்மாவின் சிரட்டை

ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பதினோரு வாய்க் கஞ்சி கொள்ளும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். சற்றே பெரிய சிரட்டையானால் பதின்மூன்று. இந்த இரண்டு வாய் வித்தியாசத்தால் வரிசையில் சண்டை வந்ததால், அத்தை ஊரெல்லாம் பொறுக்கி ஒரே அளவுச் சிரட்டைகளாகச் சேர்த்து வைத்தாள். மொத்தம் எழுபது. அதில் இரண்டில் விரிசல்.

எனக்கு இப்போது எண்பத்தாறு வயது. காலையில் ஐந்து மாத்திரை, இரவில் மூன்று. வீட்டுப் படி பதினாறு. ஒன்று குறைந்துவிட்டதாகத் தோன்றினால் திரும்பக் கீழே இறங்கி எண்ணிவிட்டுத்தான் மேலே போவேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்ணுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அவர்களிடம் வாதாடுவேன். அது முழு உண்மை இல்லை. எண்ணிப் பார்த்து நான் கண்டுபிடித்த ஒரு விடை, ஒரு காலைப்பொழுதில் அறுபது பேரை மாரடித்து அழவைத்திருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் காஜா பெராங் சாலையை ஒட்டி ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, கைக்குழந்தையாக ஒரு தங்கை, நான், அத்தை, ஆக ஐந்து பேர். வேலிக்கு அந்தப்பக்கம் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் வந்து தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள் புருஷன், அதாவது என் மாமா, ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். சயாமில் ரயில் போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, சம்பளம் உண்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் அதைத் தோட்டத்தில் சொன்னார். பேர் எழுதினார். பேர் எழுதாதவர்களையும் பிறகு பிடித்து ஏற்றினார்கள் என்பது வேறு. நான்கு லாரி வந்தது. நான்காவதில் இடம் மிச்சமிருந்தது. கிராணியும் ஏறு என்றார்கள். ஏறினார்.

மூன்று மாதம் எட்டு மாதமாயிற்று. ரப்பர் பால்வெட்டு நின்று, தோட்டம் காடாகிக்கொண்டிருந்தது. பெண்டுகள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து, காலியாய்க் கிடந்த கொட்டகைகளில் தங்கினார்கள். அத்தையும் ஒரு தகரப் பெட்டியோடும் ஓர் அண்டாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் வாரம் அண்டாவைக் கொல்லையில் அடுப்பேற்றினாள். கிளேபாங்கில் நிலம் வைத்திருந்த ஒரு மளிகைக்கடை ராவுத்தர் மரவள்ளிக் கிழங்கு அனுப்புவார். அரிசி என்று ஒரு பிடி போட்டால் அது அண்டாவுக்குள் நீந்தும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஆளுக்கு ஒரு சிரட்டை. அறுபது பேருக்குக் குறையாது. பாதிப் பேருக்கு அன்றைய தினத்தில் வயிற்றுக்குள் போவது அது ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டு அம்மாளை நாங்கள் பிபிக் என்று கூப்பிடுவோம். செட்டி வீட்டுக்காரி. இடுப்பில் சாரோங், மேலே கெபாயா, நெற்றியில் எங்களுடையதைவிடப் பெரிய திருநீறு, வாயில் மலாய். தமிழில் சாமி, தாலி, கஞ்சி, சனியன் என்று நாலைந்து சொற்கள்தான் அவளுக்கு வரும். அதை வைத்துக்கொண்டே அறுபது பெண்டுகளையும் வரிசையில் நிறுத்துவாள். கொதிக்கும் கஞ்சியில் இரண்டு பண்டான் இலையை முடிந்து போட்டு, மணத்தில் வயிறு ஏமாந்துபோகும் என்று ஜாடையால் சொல்லிச் சிரிப்பாள்.

எண்ணுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அப்போது ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் வரிசையை இச்சி, நி, சன் என்று சத்தமாக எண்ணிக்கொண்டு போனேன். வரிசை அப்படியே விறைத்து நின்றது. முனியம்மா என்றொரு பெண்பிள்ளை, தோட்டத்தில் வாய்க்குப் பேர்போனவள், என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“டேய், அந்த எண்ணுலதான் எங்க ஆளுங்கள லாரியில ஏத்துனானுங்க. தமிழ்ல எண்ணு. இல்லாட்டி வாயப் பொத்திக்கிட்டு நில்லு, சின்னக் கிராணி.”

அன்றிலிருந்து எனக்குச் சின்னக் கிராணி என்ற பேர் நிலைத்தது. அத்தை கிராணியம்மா. அந்தப் பேரை அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதில் ஒரு முள்ளும் இருந்தது. பேர் எழுதியவர் பெண்சாதி கையால் கஞ்சி வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

அத்தையிடம் ஒரு வழக்கம் இருந்தது. கஞ்சி வெந்து இறக்கியதும் ஒரு சிரட்டை நிறைய மொண்டுகொண்டு, அண்டாவை மூடிவிட்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே அறுபது வயிறு காத்திருக்கும். எங்கள் சுவர்க்கடிகாரம் அப்போது தோக்கியோ நேரத்தில் ஓடியது; சூரியன் ஏழு என்றால் அது எட்டரை என்று சாதிக்கும். ஆனால் அதன் பெண்டுலம் பொய் சொல்லாது. அதன் அடிகளை எண்ணுவேன். குறைந்த நாளில் ஆயிரத்து நூறு, கூடிய நாளில் ஆயிரத்து முந்நூறு. பிறகு கதவு திறக்கும். சிரட்டையோடு வருவாள். அண்டாவைத் திறந்து ஊற்ற ஆரம்பிப்பாள். கடைசி ஆளுக்குக் கஞ்சி குறைந்தால் அவள் சிரட்டையிலிருந்து ஊற்றுவாள். குறையவில்லையென்றால் அதைத் தான் குடிப்பாள்.

அந்த ஆயிரத்துச் சொச்சம் அடிகள் எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிசைக்கு ஊற்றி முடித்திருக்கலாம் என்று கணக்குப் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கஞ்சியோடு அத்தை நிற்கவில்லை. மாதம் ஒருமுறை, பெண்டுகளில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஜப்பான்காரன் ஆபீசுக்கு நடப்பாள். எங்கள் ஆட்கள் எங்கே, உயிரோடிருக்கிறார்களா, பேர்ப்பட்டியல் கொடுங்கள் என்று கேட்பாள். அந்தக் காலத்தில் அந்த வாசலைக் கடக்கும்போது ஆண்கள் தலை குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் சொல்ல வந்த நாளுக்கு முந்தின நாளும் போனாள். மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். வெளியே வந்தபோது முந்தானையை முகத்தோடு இழுத்துப் போர்த்தியிருந்தாளாம். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை முக்காட்டோடுதான் கஞ்சி கிண்டினாள். யாரோடும் பேசவில்லை. சிரட்டையில் மொண்டுகொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆயிரத்து முந்நூறு ஆயிற்று. ஆயிரத்தைந்நூறு ஆயிற்று. வரிசையில் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தன. நான் மெதுவாகப் போய்க் கதவின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பாயில் அத்தை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் சிரட்டை. கஞ்சி தொடப்படவில்லை. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிபிக் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். இலை இலையாகச் சோறும் கறியும் பலகாரமும் வைத்து, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். செத்துப்போனவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று சத்தம் போடாமல் காத்திருப்பார்கள். வேலியில் தொங்கிக்கொண்டு இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். அத்தை கஞ்சியை வைக்கிறாள், கதவைச் சாத்துகிறாள், தொடாமல் காத்திருக்கிறாள். வேறு என்னவாக இருக்க முடியும்?

தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். முனியம்மா விடவில்லை.

“என்னலா இது, கஞ்சி ஆறிக் களியாப் போவுது. சின்னக் கிராணி, ஒங்கத்தை உள்ள என்னடா பண்ணுது? முட்டை கிட்டை பொரிச்சுத் திங்குதா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அத்தை ஒண்ணும் திங்கல. நான் பாத்தேன். கஞ்சிய வெச்சுப் படையல் போட்டிருக்கு.”

“படையலா? யாருக்குடா?”

“மாமாவுக்கு.”

சிரிப்பு நின்றது. முனியம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். நான் சொன்னதை நம்பவில்லை என்று நினைத்தேன். அதனால் விரல் மடக்கிக் காரணங்களைச் சொன்னேன். ஒன்று, தினமும் கஞ்சி வைத்துக் கதவைச் சாத்துகிறாள். இரண்டு, ஒரு வாயும் சாப்பிடாமல் காத்திருக்கிறாள். மூன்று, நேற்று ஆபீசுக்குப் போய்வந்ததிலிருந்து முக்காடு போட்டிருக்கிறாள், இன்றைக்கு நேரமும் அதிகம். மூன்று காரணமும் சரியானவை. வாத்தியாராக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

கிராணி செத்தால் சேதி கிராணியம்மாவுக்குத்தான் முதலில் வரும். கிராணியே போய்விட்டார் என்றால் அவரோடு போனவர்கள்? இந்தக் கணக்கை அவர்கள் என்னைவிட வேகமாகப் போட்டார்கள். வரிசையின் நடுவில் பொன்னுத்தாயி என்று ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். கல்யாணமாகி நாற்பது நாளில் புருஷனை இரண்டாவது லாரியில் ஏற்றிவிட்டவள். அவள் கிணற்றுச் சுவரில் இரண்டு கையையும் ஓங்கி அடித்தாள். ஆறு வளையல், சிவப்பு நாலு, பச்சை இரண்டு. ஆறும் உடைந்தன. அடுத்த கணம் கொல்லை முழுவதும் ஒப்பாரி.

கதவு திறந்தது. அத்தை முக்காடு நழுவியது தெரியாமல் ஓடிவந்தாள். இடது கன்னம் கறுத்து வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒப்பாரி இன்னும் ஏறியது. பிபிக் ஒருத்திதான் அழாமல் ஒவ்வொருவர் தோளையும் பிடித்து உலுக்கி, என்ன என்ன என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒளிக்காதே கிராணியம்மா,” என்றாள் முனியம்மா. “எத்தனை பேரு?”

“எத்தனை பேரு என்னா?”

“செத்தவங்க. ஒன் மருமவன் சொல்லிட்டான். படையல் போடுறியாம்.”

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு கிணற்றடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள்.

“ஒரு சேதியும் வரல. மாரியாத்தா மேல ஆணை. பட்டியல் கேட்டேன், அறைஞ்சான். ரெண்டாவது தடவ கேட்டேன், ரெண்டாவது அறை. அவ்வளவுதான் நடந்திச்சு.”

“அப்ப அந்தச் சிரட்டை?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, அடுப்பிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அது என் பங்கு. எனக்கும் பசிக்குதில்ல? பசியோட கரண்டியப் புடிச்சா கை கொறச்சு ஊத்துது முனியம்மா. முதல் மாசம் ஊத்திச்சு, நானே கண்டேன். அதான் என் பங்க முன்னால வெச்சுக்கிட்டு, வேணும் வேணும்னு மனசு கத்துறது ஓயுற வரைக்கும் ஆத்தா பேரச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். மந்திரம் கிந்திரம் ஒண்ணும் தெரியாது. இன்னிக்குப் பசி கூட இல்ல. ஒங்க மேல கோவம். இவளுங்களுக்காகப் போயித்தானே அடி வாங்குனேன்னு. ஒங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. அத வெச்சுக்கிட்டு எப்படி வெளிய வர்றது?”

பிபிக்குக்கு அதற்குள் யாரோ அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

“மானா டாவுன் பீசாங்? மானா காரி?”

வாழையிலை எங்கே, கறி எங்கே என்று கேட்கிறாள். இலையும் இல்லாமல் கறியும் இல்லாமல் கிழங்குக் கஞ்சி வைத்தால் அவள் வீட்டு முன்னோர்கள் சட்டியைத் தூக்கித் தலையில் போட்டுவிடுவார்களாம். உயிரோடு இருக்கிறவனுக்குப் படையல் போடச் சொல்லிக்கொடுத்த சனியன் யார் என்று ஒரு குட்டும் வைத்தாள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விடுவிடுவென்று வேலியைத் தாண்டிப் போனவள், தன் மகளுடைய கண்ணாடி வளையல் இரண்டைக் கொண்டுவந்து, பொன்னுத்தாயியின் கீறிய கையைக் கழுவி, கைக்கு ஒன்றாக மாட்டிவிட்டாள். “நா, பாக்காய்,” என்றாள். போட்டுக்கொள் என்று அர்த்தம். பொன்னுத்தாயி இரண்டு கையையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மாமா திரும்பி வரவில்லை. அது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. எந்த மாதம் இறந்துபோனார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நான் சொன்னது பொய் என்று அன்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அன்றைக்கே அது உண்மையாக இருந்திருக்கலாம் என்று இப்போதெல்லாம் விடியற்காலையில் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பொன்னுத்தாயியின் புருஷன் வந்தான், ஒரு கால் புண்ணோடு.

யுத்தம் முடிந்தபிறகும் அத்தை அந்த வேலையை விடவில்லை. கேட்டு நிற்பது கஞ்சிக்காக என்பது போய், தோட்டத்துப் பெண் ஆட்களின் சம்பளம் வந்தது, கைக்குழந்தைகளை விட்டுப்போகப் பிள்ளைக்கொட்டகை வந்தது, கக்கூசு வந்தது. முப்பத்தொரு வருஷம். இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனில் ராத்தங்கினாள். தொழிலாளர் சங்கத்தின் முதல் கமிட்டியில் அவளையும் சேர்த்து ஒன்பது பேர் இருந்தார்கள். மற்ற எல்லாரும் அவளைவிட நன்றாகப் பேசுவார்கள். ஆறு வருஷத்தில் எட்டுப் பேரும் ஒருவரோடொருவர் பகையாகி விலகிவிட்டார்கள். நானும் பிற்காலத்தில் ஒரு கமிட்டியில் பதினான்கு மாதம் இருந்தேன். யார் யார் என்னைவிடக் குறைவாக வேலை செய்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். பதினைந்தாம் மாதம் ராஜிநாமாக் கடிதம் எழுதினேன். அத்தை மட்டும், எந்த ஊரில் எந்தக் கூட்டமானாலும், அதற்கு முன் ஏதாவது ஒரு கதவைத் தேடிச் சாத்திக்கொள்வாள்.

அந்தக் காலைக்கு வருகிறேன். பொன்னுத்தாயியின் கையில் வளையல் ஏறியதும் அத்தை என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னிக்கு எத்தனை எண்ணினே?”

“ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது.”

“அவ்வளவா!” என்றாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டதுபோல இருந்தது. கரண்டியை எடுக்கப் போனாள். முனியம்மா அவளுக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டாள்.

“எறங்கிருச்சா?”

“என்னா?”

“கோவம். எறங்கிருச்சாங்கிறேன்.”

அத்தை யோசித்தாள். “இல்ல,” என்றாள்.

“அப்ப எதுக்கு வெளிய நிக்கிற? உள்ள போ. ஊத்துறதுக்கு எனக்குக் கையில்லியா?”

“ஒங் கை அளவா ஊத்துமா?”

“ஒன் புருசன் தோட்டத்துல அளந்து போட்ட அரிசிப் படிய விட நல்லாவே ஊத்தும். நீ போலா!”

அத்தை சிரித்தாள். வீங்கிய கன்னத்தால் அது ஒருபக்கமாகவே வந்தது. உள்ளே போனாள். முனியம்மா பின்னாலேயே போய்க் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

ஊற்றினாள். அளவாகத்தான் ஊற்றினாள், நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வழக்கமாகக் குடித்து முடித்ததும் ஒருவரும் நிற்கமாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் கீரை பறிக்க, விறகு பொறுக்க, உஜோங் பாசிர் பக்கம் சேற்றில் சிப்பி தேட ஓடுவார்கள். அன்று ஓடவில்லை. சிரட்டையைக் கழுவி என்னிடம் கொடுத்துவிட்டு, சாத்திய கதவுக்கு நேரே கொல்லையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டார்கள். முனியம்மா கரண்டியை மூடியின் மேல் வைத்துவிட்டு வந்து, அத்தையைப் போலவே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பிபிக்கும் வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு முக்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். உள்ளே பெண்டுலம் அடிப்பது கொல்லையில் கேட்டது.

பிபிக்கோடு சேர்த்து அறுபத்திரண்டு பேர். இரண்டாவது சிரட்டைக்குக் காத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சுரண்டி எடுத்திருந்தது. பொறுப்புள்ளவன் சொல்லிவிட வேண்டுமல்லவா?

“கஞ்சி முடிஞ்சு போச்சு. எல்லாரும் போலாம்,” என்றேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பொன்னுத்தாயி மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கதவைப் பார்த்தாள். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று, நடுவில் போய் நின்றுகொண்டு, மூன்றாவது முறையும் சொன்னேன்.